வீட்டு எடை மெஷினும் இரண்டு துரோகிகளும்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ‘அன்பு’ என்ற சொல்லை அடித்துவிட்டு வெறும் மகள் என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தபடி யோசித்தேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன், அதற்காகப் பெரிதாகப் பூரித்துப்போக வேண்டாம். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா நலம், ஒரு துரோகிக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நலம். நான் நலமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விவகாரம். முதலில் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் அம்மா சொன்னால் ஒவ்வொரு தடவையும் கிழிசல் ஒரு சாண் நீளும். டாக்டரம்மாவின் அறையில், ஆட்களை எடை பார்க்கும் மெஷினுக்கு அடியில் நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பேண்ட் பின்பக்கம் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் டர்ரென்று கிழிந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை கைதட்டியது என்று உன் அம்மா சொல்லுவாள், நம்பாதே, கைதட்டியது குழந்தை இல்லை, நம் சலவைக்கடைக்காரர்.

இதைப் போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா சமையலறையிலிருந்து நாலு வார்த்தை சேர்ப்பாள், அதைவிட மோசம், நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், சிரித்த பிறகு கோபத்துக்கு என்ன மரியாதை. எனக்கு இந்தத் தடவை வந்திருப்பது மரியாதையான கோபம், அதை யாரும் கெடுக்காமல் முழுசாக உன்னிடம் சேர்ப்பிக்க வேண்டும். விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதி தெரியும், தெரிந்த பாதியில்தான் நீயும் குற்றவாளி.

நீ போன தடவை வந்துவிட்டுக் கிளம்பிப் போன கையோடு சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன் இல்லையா, அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா, சார், எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு காலை வச்சுட்டீங்க, இன்னொரு காலையும் வைக்கிறதுக்குள்ள பிடிச்சு இழுக்கணும், வயித்தையும் கொஞ்சம் உள்ள இழுக்கணும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாள். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஆனால் என்னைப் பார்க்கும் பார்வை எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பார்வை. கால் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. உன் பெரியப்பாவின் கால் விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் உன் அம்மாவும் நின்ற நிலை உனக்குத் தெரியாது, நீ அப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய் என்று சொல்லாமல் விட்டோம். அவரும் மாத்திரையில்தான் ஆரம்பித்தார், அதனால் மாத்திரைதான் விரலை எடுத்தது என்று என் மண்டையில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. பயந்தவன் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நம் கறிக்கடைக்காரர் என் வாழ்க்கைக்குள் மருத்துவராக நுழைந்தார். நம் தராசு ரிப்பேர் கடைக்கு எதிர்வரிசையில் இருக்கிறவர், நீகூடச் சின்ன வயசில் பார்த்து ஓடுவாயே, அவரைத்தான், இப்போது தெருவில் எல்லோரும் அவரைக் கஷாயம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எலும்பை வெட்டிக்கொண்டே இயற்கை வைத்தியம் சொல்லுவார். அவருடைய தராசை நான் சரிபார்க்கப் போயிருந்தபோது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அண்ணே, சுகரா, ஒண்ணும் பதறாதீங்க, மாத்திரைய ஒரு தடவ தொட்டுட்டீங்கன்னா அப்புறம் அது உங்கள விடாது, நான் சொல்றதக் கேளுங்க, வெந்தயத்த ஊறப்போட்டுக் காலையில தண்ணியோட முழுங்குங்க, பாகற்காய்ச் சாறு ஒரு டம்ளர், பட்டைத் தூள வெந்நீர்ல போட்டு ஒரு டம்ளர், சர்க்கரை தானா வாலச் சுருட்டிக்கிட்டு ஓடும், தொப்பையும் கூடவே ஓடும் என்று சொல்லிக் கத்தியை ஓங்கிக் கட்டையில் ஒரு போடு போட்டார். அந்தச் சத்தத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாத்திரை அட்டையை மேசை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கு அடியில் வைத்தேன். உன் அம்மா அதை எடுத்துத் தினமும் காலையில் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பாள், போட்டுத் தொலைங்களேன், அந்தக் கசப்பையும் குடிங்க, இதையும் போடுங்க, யாரு வேண்டாங்கறா என்பாள். நான் திரும்ப எடுத்துச் சாவிகளுக்கு அடியில் வைப்பேன். அந்த அட்டை நம் வீட்டில் என்னைவிட அதிகம் நடந்தது.

பாகற்காய்ச் சாறைப் பற்றி உனக்கு எழுதித் தெரியவைக்க முடியாது. முதல் வாய் கசக்கும், இரண்டாவது வாய் ஏன் பிறந்தோம் என்று கேட்கும். வெந்தயம் அதற்குமேல், கொஞ்ச நாளில் என் வேர்வையே வெந்தய வாசம் அடிக்க ஆரம்பித்தது, கடைக்குத் தராசு கொண்டுவந்த ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, இங்க ஏதோ நல்லா வதங்குதே என்று உள்ளே எட்டிப் பார்த்தாள், வதங்கிக்கொண்டிருந்தது நான். ஆனால் பலன் இருந்தது, அதுதான் கொடுமை. குளியலறை மூலையில் இருக்கும் நம் எடை மெஷினில் தினமும் பல் விளக்கியதும் ஏறி நிற்பேன், வாரத்துக்கு வாரம் முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி மாளாது. கடையில் உட்கார்ந்துகொண்டு நானும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ரொட்டிக்கடைக்காரரிடம் போய், பாருங்க, முள் பொய் சொல்லாது, நான் முப்பது வருஷமா முள்ளோட குடும்பம் நடத்துறவன், என்று நெஞ்சைத் தட்டினேன். எடை குறைகிறதே என்ற தைரியத்தில் அவர் கடையிலேயே நின்று வெண்ணெய் பிஸ்கட் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன், குறைந்த எடைக்கு ஒரு சின்னப் பரிசு. முள் இன்னும் இறங்கியது, பரிசு இரண்டாயிற்று. பிறகு நான் கடைக்குள் நுழைந்தாலே அவர் கேட்காமல் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். இதற்கிடையில் என் பேண்ட்டெல்லாம் இறுகியது. எடை குறைந்தவனுக்குப் பேண்ட் எப்படி இறுகும், அதனால் சலவைக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன், வெந்நீரில் போட்டுத் துணியைச் சுருக்கிவிட்டாய் என்று. அவர் என் வயிற்றையும் பேண்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சார், சுருங்கினது ஒண்ணு, விரிஞ்சது ஒண்ணு என்றார். அவர் ஏன் அன்றைக்குக் கைதட்டினார் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

மறுபரிசோதனைக்கு நான் ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறாய். கஷாயம். மடியில் மாத்திரை அட்டைகள், ஒன்றில்லை, கத்தை. என்னைப் பார்த்ததும் துண்டைப் போட்டு மூடப் பார்த்தார், நான் விடவில்லை, என்னய்யா இது என்றேன். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், அண்ணே, கஷாயம் கஷாயம்தான், மாத்திரை மாத்திரைதான், நான் ரெண்டையும் போடுறேன், நீங்க ஒண்ண விடுங்கன்னு நான் சொல்லவே இல்லியே என்றார். தொட்டா விடாதுன்னு சொன்னியே என்றேன். ஆமா, என்னைய விடலையே, பாருங்க, பத்து வருஷமா விடல என்றார். அந்த மனுஷனை அடிக்கவும் முடியாது, தினமும் கத்தியோடு நிற்கிறவர். அன்றைய துரோகங்களில் அது முதலாவது, ஆனால் வெளியாள் துரோகம், கொசு கடித்த மாதிரி, சொறிந்துவிட்டுப் போய்விடலாம்.

உள்ளே போனேன். நர்ஸ் என்னை அந்த நிற்கும் மெஷினில் ஏற்றி, கம்பியில் இருக்கும் எடைக்குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு எடையைச் சொன்னாள். நான் சிரித்தேன். பாப்பா, இது தப்பு, உன் மெஷின் கெட்டுப்போச்சு என்றேன். அவள் மறுபடி பார்த்துவிட்டு அதையே சொன்னாள். வீட்டு முள் காட்டியதைவிட ஒரு நல்ல பூசணிக்காய் அளவுக்குக் கூடுதல், போன தடவை இதே அறையில் பார்த்ததைவிடவும் கூடுதல். டாக்டரம்மா, சார், பரவாயில்ல, உக்காருங்க என்றாள். எனக்கு எப்படிப் பரவாயில்லை, தராசு மெக்கானிக்கின் முன்னால் ஒரு தராசு பொய் சொல்லும்போது அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவானா. ரெண்டே நிமிஷம் டாக்டரம்மா, நான் சரி பண்ணித் தர்றேன், காசுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். பேண்ட் கிழிந்தது அப்போதுதான். ஆனால் மகளே, கிழிந்த சத்தம்கூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த மெஷினின் அடித்தகட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, கீழே கையெழுத்து, கையெழுத்து என்னுடையது. போன பரிசோதனைக்கு முன்னால் நானே வந்து பார்த்துக் கொடுத்த மெஷின் அது. நர்ஸ் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என்மேல் போட்டாள், செத்தவனைப் போர்த்துவது மாதிரி. நான் அந்தப் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்து, வெளியே பெஞ்சைக் கடந்து, ஸ்கூட்டரில் இருந்த எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. அப்படி ஒரு சுத்தமான வேலை நான் செய்திருக்கிறேன்.

பிறகு டாக்டரம்மா ரத்த முடிவை என் பக்கம் திருப்பி வைத்தாள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருந்தது, கொஞ்சநஞ்சமில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினாள். வெந்தயம் குடிங்க சார், பாகற்காய் சாப்பிடுங்க, பட்டை போடுங்க, நல்லதுதான், சாப்பாடா எடுத்துக்கோங்க, ஆனா அதெல்லாம் மாத்திரை உக்கார்ற நாற்காலியில உக்காராது, தட்டுல பாதி காய்கறியா இருக்கட்டும், சாப்பிட்டதும் நடங்க, மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க, நல்லா இறங்கினா நானே குறைப்பேன், நீங்களா இழுப்பறையில வைக்காதீங்க என்றாள். இழுப்பறை விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, உன் அம்மாவுக்கும் அவளுக்கும் போனில் நட்பு இருக்கிறது. கடைசியில் என் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் ஒரு மெல்லிய நைலான் இழை மாதிரி எதையோ வைத்து அங்கங்கே தொட்டு, தெரியுதா, இங்க தெரியுதா என்று கேட்டாள். எல்லாம் தெரிந்தது. ஆனால் அவள் என் சுண்டுவிரலைத் தொட்டபோது எனக்கு உன் பெரியப்பாவின் கால்தான் கண்ணில் நின்றது, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எடைக்கற்களோடு நேரே குளியலறை. நீ கேட்கலாம், இத்தனை நாள் அந்த மெஷினில் ஏறினீர்களே, ஒரு நாளாவது கல்லை வைத்துச் சோதித்தீர்களா என்று. இல்லை. ஊரார் தராசையெல்லாம் சந்தேகப்படுவது என் தொழில், வீட்டு மெஷினைச் சந்தேகப்படுவது கட்டிய மனைவியைச் சந்தேகப்படுவது மாதிரி, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை, இருந்திருக்க வேண்டும், இரண்டு விஷயத்திலும். கற்களை ஏற்றினேன். முள் பாதி வழியில் ஆயாசமாக நின்றுவிட்டது. பூசணிக்காய் அளவு குறைவு, அப்படியே. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். உன் அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். நான் அவளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது நடிப்பு இல்லை. இந்த மெஷின் நானே சரிபண்ணி வச்ச மெஷின், இது தானாத் தப்பாப் போச்சுன்னா எனக்குக் கண்ணும் போச்சு கையும் போச்சுன்னு அர்த்தம், என் முள்ளை நம்பித்தான் இந்தத் தெருவே கறியும் ரொட்டியும் வாங்குது, நாளைக்கே கடையை மூடிடறேன், இந்த வேலைக்கு இனிமே நான் லாயக்கில்ல என்றேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், சமையலறைக்குத் திரும்பிப் போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கரண்டி இல்லாத கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான்தான் திருப்பினேன், அடியில இருக்கே அந்த ஸ்க்ரூ, அதைத்தான், போதுமா என்றாள். எதுக்குடி என்றேன். அவள், எதுக்கா, கசப்பக் குடிச்சுட்டு முள் இறங்கலன்னா அன்னைக்கு முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சோறு வேண்டாங்கறது, இறங்கினா பாட்டுப் பாடுறது, பாடட்டுமேன்னு கொஞ்சம் இறக்கி வச்சேன், அப்புறம் இன்னும் கொஞ்சம், இதுக்கு உங்க கையையும் கண்ணையும் எதுக்கு இழுக்குறீங்க, உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல என்றாள். எதால் திருப்பினாய் என்றேன், வெண்ணெய் தடவும் கத்தியால் என்றாள். எந்தப் பக்கம் என்றேன், கையால் காற்றில் திருப்பிக் காட்டினாள். அவள் காட்டிய பக்கம் திருப்பினால் முள் ஏறும், இறங்காது, குற்றம் செய்தவளுக்குப் பதற்றத்தில் இடம் வலம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், ஒரு துரோகத்தைக்கூட ஒழுங்காகச் செய்துகாட்டத் தெரியவில்லையே என்று மனசுக்குள் கடுகடுத்தேன். இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தவள் அவள்.

உடனே உனக்குப் போன் போட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஹலோ சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவள், ஏய், அந்த எடை மெஷின் முள்ள நான் திருப்பி வச்சேன்ல, அதை அப்பாகிட்ட சொல்லிட்டேன்டி, நீயும் ஒத்துக்கோ என்று கத்தினாள். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், ஆமாப்பா, அம்மா எங்கிட்ட அப்பவே சொன்னாங்க, நான்தான் பரவாயில்ல விடும்மான்னேன், உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா என்றாய். போனை வைத்தேன். மகளே, கறிக்கடைக்காரர் கைவிட்டார், பொறுத்தேன். பெண்டாட்டி முள்ளைத் திருப்பினாள், வாளிமேல் உட்கார்ந்தேன். ஆனால் நீ, உட்காருவதற்குக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

எனக்கு ஏன் இப்படி உறைக்கிறது என்று நீ நினைக்கலாம். பொய் எல்லோரும் சொல்கிறோம். நீ சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் எடையில் பொய் சொல்வது வேறு. நான் ஏழைக்கு ஒரு கை அரிசி கூடப் போட்டுக்கொடு என்று கடைக்காரனிடம் சொல்லுவேன், முள்ளைக் கூட்டி வை என்று சொல்லமாட்டேன். அதுவும் என் உடம்பு விஷயத்தில். அந்த முள்ளைப் பார்த்துத்தான் நான் மாத்திரையைத் தொடவில்லை, அந்த முள்ளைப் பார்த்துத்தான் பிஸ்கட்டைத் தொட்டேன். உங்களுக்கு என் முகம் வாடக்கூடாது, அதற்காக என் ரத்தத்தில் சர்க்கரை ஏறலாமா. நடக்கும்போது, பல் விளக்கும்போது, கடையில் ஷட்டரைத் தூக்கும்போது, ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு நின்று அழுதவள் அவள். மாத்திரையைப் போடுங்கள் என்று தினமும் தொண்டை வறளக் கத்தியவளும் அவள்தான். அவளே எப்படி முள்ளை இறக்கி வைத்துவிட்டு என்னை அந்த மாத்திரையிலிருந்து தப்பவிட்டாள். இந்த இரண்டு பெண்ணும் ஒரே பெண்ணாக எனக்குச் சேரவே மாட்டேன் என்கிறது. எத்தனையோ தராசைச் சமன் செய்தவனுக்கு இது மட்டும் சமனாகவில்லை.

இப்போதைய நிலவரம் இதுதான். அவளோடு நான் பேசுவதில்லை, தேவைக்கு மட்டும், தேவை நிறைய இருக்கிறது. காலையில் டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரை இருக்கும், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, போட்டாச்சான்னு கேளு என்பாள், யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாது, வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது, நானும் ஜன்னலைப் பார்த்துப் போட்டாச்சுன்னு சொல்லு என்பேன். சாப்பிட்டதும் இரண்டு பேரும் நடக்கப் போகிறோம், நான் முன்னால், அவள் பின்னால், கோபமாக இருப்பதால் வேகமாக நடக்கிறேன், அது உடம்புக்கு நல்லதாம், டாக்டரம்மா கேட்டுச் சந்தோஷப்பட்டாள், இப்படியே கோபமா இருங்க சார் என்றாள். ரொட்டிக்கடைப் பக்கம் வரும்போது மட்டும் உன் அம்மா எட்டி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள், அந்தக் கடையைத் தாண்டியதும் விட்டுவிடுகிறாள். வெந்தயம் தொடர்கிறது, பாகற்காயைச் சாறாக இல்லாமல் வதக்கிப் போடச் சொல்லிவிட்டேன், மனிதன் திங்கிற பக்குவத்தில் இருக்கிறது. பட்டைத் தூளைக் கறிக்கடைக் கஷாயத்திடமே கொடுத்துவிட்டேன். பேண்ட்டைத் தைத்துக் கொடுத்தாள், கேட்காமலே இடுப்பில் இரண்டு விரல் பெரிசாக்கித் தைத்திருக்கிறாள், அதற்கும் கோபப்பட்டேன், போட்டுப் பார்த்தேன், சுகமாகத்தான் இருக்கிறது.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கோபத்தில் சேராது. உன் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறாய், சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே முடிக்கிறாய் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். உன் பெரியப்பா, நான், வரிசையில் அடுத்தது நீதான். ஒல்லியாக இருக்கிறேனே என்று சொல்லாதே, அவரும் ஒல்லிதான். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. இனிப்புப் பானத்தைக் குறை, மத்தியானம் சாப்பிட்டதும் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா, யாராவது ஏதாவது தூளைக் குடிக்கச் சொன்னால் குடி, ஆனால் அவர் மடியில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பார். எடை பார்ப்பதாக இருந்தால் வேறு மெஷினிலும் ஒரு தடவை ஏறிப் பார். துரோகியானாலும் நீ எங்கள் ஒரே குழந்தை, காலும் கையும் கண்ணும் எல்லாம் வைத்தது வைத்தபடி, நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு நீ இருக்க வேண்டும், அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். பரிசோதனை முடிவு வந்ததும் என்னிடம் சொல், அம்மாவிடம் சொல்லி அவள் திருத்தி என்னிடம் சொல்லும் வேலை வேண்டாம்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்டும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

பி.கு. தபாலில் போடுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை அந்த வீட்டு மெஷினைச் சரிசெய்யலாம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்துப் பிரித்தேன். குளியலறை ஈரத்தில் உள்ளே ஸ்பிரிங், நெம்புகோல் எல்லாம் ஒரே துரு, முள் முழுசாக ஏற வழியே இல்லை. உன் அம்மா வெண்ணெய்க் கத்தியால் திருப்பியதாகச் சொன்ன ஸ்க்ரூ, பல வருஷமாக யாரும் தொடாததுபோல் தகட்டோடு தகடாக ஒட்டிப்போயிருந்தது, எண்ணெய் விட்டு ஊறவைத்தும் அசையவில்லை, கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன்.